கனிமத்திலிருந்து கம்மியரிடம்: ஆனந்த குமாரசுவாமியின் வாழ்வில் அணிகலன்

ஆனந்த குமாரசுவாமி என்றதும் தமிழ் ஆய்வுலகின் நினைவில் முதலில் எழுவது தில்லைக்கூத்தனின் ஆடலைக் குறித்து அவர் எழுதிய கட்டுரையே ஆகும். 1912ஆம் ஆண்டு சென்னையிலிருந்து வெளிவந்த சித்தாந்த தீபிகை இதழில் முதன்முதலாக இடம்பெற்ற அக்கட்டுரை, பிற்காலத்தில் நூல் வடிவம் பெற்று உலகெங்கும் பரவியது. அதன் புகழ் பெரிது. அப்புகழின் நிழலில் அவருடைய வாழ்வின் முற்பகுதி பெரிதும் மறைந்துபோயிற்று. மெய்ப்பொருள் பேசுவதற்கு முன்னர் அவர் கல்லைப் பற்றிப் பேசியவர். சிற்பத்தைக் கைக்கொள்வதற்கு முன்னர்க் கனிமத்தைக் கைக்கொண்டவர். பொன்னும் மணியும் எந்த மண்ணிலிருந்து வருகின்றன, எவர் கையால் அணிகலனாகின்றன என்னும் இரு வினாக்களும் ஒரே மனிதரின் வாழ்வில் அடுத்தடுத்து எழுந்தமை அரிய நிகழ்வாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அணிகலன் வடிவங்களும் மூலப்பொருள்களும் பெருமாற்றம் அடைந்தன. அம்மாற்றத்தின் நடுவே அவருடைய வாழ்வை வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

அவர் 1877 ஆகஸ்டு 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசுவாமி இலங்கைச் சட்டநிரூபண சபை உறுப்பினர். இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். 1874இல் சர் பட்டம் பெற்றவர். பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் அவர் தாய்மாமன். தாய் எலிசபெத் பீபி ஆங்கிலேயர். கெந்து நாட்டுப்புறத்தோடு அவர் குடும்பத்துக்கு இருந்த தொடர்பே மகனின் பெயரின் நடுவே கெந்திஷ் என நின்றது.

முத்து குமாரசுவாமி 1863இல் அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இலண்டனில் வெளியிட்டார். தமிழ்நாட்டில் வழங்கும் அரிச்சந்திரன் கதையில் சந்திரமதியின் தாலி கணவன் கண்ணுக்கு மட்டுமே புலப்படுவது. சுடுகாட்டில் அவளை அவன் அறிந்துகொள்வதும் அத்தாலியாலேயே. அணிகலன் அழகுக்காக மட்டும் இருப்பதன்று, அதற்கு ஒரு பணியுண்டு என்னும் கருத்தை மகன் தம் அறுபத்திரண்டாம் அகவையில் விரித்து எழுதினார். தந்தையின் மொழிபெயர்ப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு காட்டுவது மிகையாகும். ஆயினும் இத்தகைய கதைகள் புழங்கிய குடும்பச் சூழலை ஒதுக்கிவிடுவதும் பொருந்தாது.

1879 மே மாதம் முத்து குமாரசுவாமி காலமானார். அப்போது குழந்தைக்கு இரண்டு வயதும் நிரம்பவில்லை. தாயுடன் இங்கிலாந்தில் வளர்ந்த ஆனந்தர், குளோஸ்டர்ஷயரிலுள்ள விக்ளிஃப் பள்ளியிலும் பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்றார். 1900இல் மண்ணியலிலும் தாவரவியலிலும் முதல் வகுப்பில் தேறினார். பள்ளிப் பருவத்திலேயே அருகிலிருந்த குன்று ஒன்றின் மண்ணியலைப் பற்றிப் பள்ளி இதழில் எழுதியவர் அவர். தமிழ் கற்று வளரும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. அவரைத் தமிழர் எனப் பெருமையுடன் உரிமை கொண்டாடும் கட்டுரைகள் இவ்வுண்மையைப் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்றன.

மணியின் மண்

1902இல் எத்தெல் பார்ட்ரிஜ் என்பாரை மணந்து, அடுத்த ஆண்டு முதல் இலங்கையின் கனிமவியல் அளவைத் துறையின் இயக்குநராகப் பணியாற்றினார். 1906 வரை நீடித்த அப்பணி அவரைத் தீவின் ஆற்றுப்படுகைகளுக்கும் மலைநாட்டுக் கிராமங்களுக்கும் கொண்டுசென்றது. இலங்கையின் மணிக்கற்கள் பாறையைக் குடைந்து எடுக்கப்படுபவை அல்ல. பாறைகள் சிதைந்து, நீரால் அடித்துவரப்பட்டு, பழைய ஆற்றுப் படுகைகளில் களிமண்ணுக்கடியில் தங்கிய சரளைப் படிவில் கிடைப்பவை. அச்சரளையைச் சிங்களத் தொழிலாளர் இல்லம் என்பர். குழி தோண்டி, சரளையை மேலேற்றி, கூடைகளில் இட்டு நீரில் சுழற்றி அரித்தால், எடை மிகுந்த கற்கள் அடியில் தங்கும். நீலமும் புருடராகமும் வைடூரியமும் அவ்வாறே கிடைத்தன. மாணிக்கத்தின் குற்றமும் குணமும் கூறும் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையும், திருவிளையாடற் புராணத்து மாணிக்கம் விற்ற படலமும் மணியை வணிகனின் கண்ணாலும் நூலோனின் கண்ணாலும் கண்டன. குமாரசுவாமி அதனை நுண்ணோக்காடியின் வழியே கண்டார்.

பிரயர் என்னும் பிரித்தானியக் கனிமவியலாளருடன் இணைந்து, 1903இல் நீலம் சார்ந்த புதிய கனிமம் ஒன்றை அவர் அறிவித்தார். இலங்கைக்கு அராபியர் வழங்கிய செரண்டிப் என்னும் பெயரால் அது செரண்டிபைட் எனப்பட்டது. மணிக்கல்லாகப் பட்டை தீட்டத்தக்க கனிமங்களுள் மிக அரியவற்றில் ஒன்றாக அது இன்றும் எண்ணப்படுகிறது. அடுத்த ஆண்டில் தோரியனைட் அறியப்பட்டதிலும் அவருக்குப் பங்குண்டு. இக்கரிய கனிமத்தின் பெரும்பகுதி தோரியம் ஆக்சைடு. அக்காலத்து வாயு விளக்குகளில் ஒளிவிடும் வலைகளைச் செய்யத் தோரியம் இன்றியமையாததாக இருந்தது. ஆகவே அக்கனிமம் விரைவில் ஏற்றுமதிச் சரக்காயிற்று. நாட்டின் கைத்தொழிலை வணிகம் அழிக்கிறது என்று பின்னாளில் வருந்தி எழுதியவரின் அலுவல், அந்நாட்டின் நிலத்தடிச் செல்வத்தை வணிகத்துக்கு இனங்காட்டுவதாக இருந்தது. இம்முரணை அவர் அறியாதவராக இருந்திருக்க இயலாது.

அதே ஆண்டுகளில் மன்னார்க் கடலில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. முத்துக்குளிப்பை அரசு 1906இல் ஒரு தனியார் குழுமத்துக்குக் குத்தகைக்கு விட்டது. 1907க்குப் பின் சிப்பிப் படுகைகள் வெறுமையாயின, குழுமமும் கலைந்தது. கொற்கை முதல் மன்னார் வரை நீண்ட ஒரு தொழில் மரபு இவ்வாறு ஓய்ந்துகொண்டிருந்த வேளையில், ஐரோப்பியத் தலைநகர்களில் முத்தின் விலை முன்னெப்போதும் இல்லாத உயரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஐரோப்பாவின் அணிகலன் பூசல்

குமாரசுவாமி ஏன் கனிமத்தை விட்டுக் கம்மியரிடம் சென்றார் என்பதை விளங்கிக்கொள்ள, அக்கால ஐரோப்பிய அணிகலன் உலகைக் காண்பது தேவையாகிறது. தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லிச் சுரங்கங்கள் திறக்கப்பட்ட பின்னர் வைரம் பெருகிற்று. பிளாட்டினத்தை உருக்கிப் பற்றவைக்கும் அளவுக்கு வெப்பம் தரும் ஊதுசுடர்க் கருவிகள் பட்டறைகளுக்குள் வந்தன. வெள்ளி கறுக்கும், பொன் வைரத்தின் வெண்மையில் மஞ்சள் சாயலை ஏற்றும், பிளாட்டினத்துக்கு இவ்விரு குறையும் இல்லை. உறுதி மிக்கதாகையால் நூலிழை போன்ற மெல்லிய சட்டமே கல்லைத் தாங்கப் போதுமானது. இவ்வாறு பூமாலையும் நாடா முடிச்சும் சரிகைப் பின்னலும் போன்ற வெண்ணிற அணிகள் அரசவைகளில் பரவின. மற்றொரு முனையில், பர்மிங்காம் ஆலைகள் அச்சுக்கட்டைகளால் தகடுகளை அழுத்தி மலிவான நகைகளை ஆயிரக்கணக்கில் குவித்தன.

இவ்விரண்டையும் எதிர்த்து எழுந்தோர் இருவகையினர். பாரிசில் ரெனே லலீக் என்பார் மாட்டுக்கொம்பையும் தந்தத்தையும் கண்ணாடியையும் எனாமலையும் வைரத்துக்கு இணையாக வைத்தார். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவர் காட்டிய தும்பிகளும் மலர்களும் பெரும் புகழ் பெற்றன. இங்கிலாந்தில் வில்லியம் மோரிசின் வழிவந்த கைவினை இயக்கத்தார், செய்பவனின் இன்பத்தையும் வாழ்வையுமே முதன்மையாகக் கருதினர். அவர்களுள் சி. ஆர். ஆஷ்பீ 1888இல் கிழக்கு இலண்டனில் கைவினைக் கழகம் ஒன்றை நிறுவினார். செல்லினி என்னும் இத்தாலியப் பொற்கொல்லரின் தொழில்நூல்களை அவரே மொழிபெயர்த்து 1898இல் வெளியிட்டார். 1902இல் கைவினைஞரும் அவர்தம் குடும்பத்தாருமாக ஏறத்தாழ 150 பேருடன் சிப்பிங் காம்ப்டன் என்னும் சிற்றூருக்குக் கழகம் குடிபெயர்ந்தது. அவர்கள் செய்த அணிகளில் வெள்ளியே மிகுதி. கற்கள் பட்டை தீட்டப்படாமல் உருட்டி மெருகேற்றப்பட்டவை, முத்துகள் கோணலானவை. மயில் வடிவத்தில் ஆஷ்பீக்குத் தனி விருப்பம் இருந்தது. சுத்தியல் பட்ட தடங்களைத் தேய்த்து மறைக்காமல் விட்டனர்.

இக்கழகத்துக்கும் இலங்கைக்கும் இரு தொடர்புகள் உண்டு. ஒன்று பொருள் வழியது. இக்கைவினைஞர் பெரிதும் விரும்பிப் பதித்த சந்திரகாந்தக் கல்லின் சிறந்த விளைநிலம் இலங்கை. வேறுபட்ட இரு பெல்ஸ்பார்க் கனிமங்கள் மிக மெல்லிய அடுக்குகளாக ஒன்றினுள் ஒன்று அமைவதால், ஒளி சிதறி நீலம் கலந்த வெண்மை அதன்மேல் மிதக்கிறது. நிலவொளி பட்டால் நீர் கசியும் என்று நம் புலவர் பாடிய கல் இதுவேயா என்பது தனி ஆய்வுக்குரியது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் தொடர்பு உறவு வழியது. எத்தெலின் உடன்பிறந்தாரான ஃபிரெட் பார்ட்ரிஜ் அக்கழகத்தில் பணிபுரிந்த நகைக் கைவினைஞர். கொம்பைப் பிரெஞ்சு பாணியில் இழைத்து அணிகள் செய்தவர். இலங்கையின் மணிச்சரளையை ஆராய்ந்தவரும் இங்கிலாந்தின் சிற்றூரில் மணி பதித்தவரும் இவ்வாறு மைத்துனராயினர். குமாரசுவாமியின் வரலாற்றை எழுதுவோர் மோரிசின் நூல்களை அவர் பயின்றதை விரிவாகக் கூறுவர். குடும்பத்துக்குள்ளேயே ஒரு நகைப்பட்டறை இருந்ததை ஒரு வரியில் முடித்துவிடுவர். நூலைக் காட்டிலும் பட்டறையே அவருக்குக் கண்ணைத் திறந்திருக்கக்கூடும் என இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

கண்டிப் பட்டறைகள்

கண்டி மலைநாட்டில் அவர் கண்டவை தேய்ந்துகொண்டிருந்த ஒரு மரபின் எச்சங்கள். 1815இல் கண்டி அரசு பிரித்தானியர் கைக்குச் சென்றது. அதற்கு முன்னர் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு அங்கு ஆண்டவர்கள் மதுரைத் தொடர்புடைய நாயக்கர் மரபினர். அரசரின் பொன்வேலைக்கென நான்கு பட்டறைகள் இருந்தன. ஆபரணம், மணிமுடி, பொன்வாள், சிங்காசனம் எனப் பொருள்படும் பெயர்கள் அவற்றுக்கு வழங்கின. பட்டறையைக் குறிக்கும் பட்டல் என்னும் சிங்களச் சொல் நம் பட்டடைக்கு ஒலியாலும் பொருளாலும் மிக நெருங்கியது. அங்குப் பணிபுரிந்தோர் அரசருக்கே உரியவர். பணிக்கு ஈடாக அவர்களுக்கு நிலம் வழங்கப்பட்டிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து சென்று குடியேறிய கம்மியரின் வழிவந்தோரும் அவர்களிடையே இருந்தமையைக் குமாரசுவாமி பதிவுசெய்துள்ளார். கம்பிவேலையும், நுண்ணிய பொன்மணிகளை வரிசையாகப் பற்றவைக்கும் வேலையும், பட்டை தீட்டாத சிவப்புக் கற்களைப் பொன்னில் அமிழ்த்திப் பதிக்கும் வேலையும் அவர்கள் கைவண்ணமாக இருந்தன.

அரசு மறைந்தபின் இப்பட்டறைகளின் அடிப்படை தகர்ந்தது. 1870ஆம் ஆண்டின் பணிநிலச் சட்டம், பரம்பரைப் பணிக்கு மாற்றாகப் பணம் செலுத்தி விடுபட வழிசெய்தது. குமாரசுவாமி இதனை இழப்பாகவே கண்டார். நிலம் இருந்தவரை கம்மியன் காலத்தைக் கணக்கிடாமல் வேலை செய்தான் என்பதும், கூலி வந்தபின் விரைவே அளவுகோலாயிற்று என்பதும் அவர் துணிபு. அவர் கூறியதில் உண்மை உண்டு. ஆயினும் பிறப்பால் கட்டுண்ட பணியிலிருந்து விடுதலை பெற்ற ஒரு தட்டார் மகன் அதனை இழப்பாகவே எண்ணியிருப்பானா என்னும் வினா அவருடைய எழுத்தில் எழவில்லை. குலத்தொழில் முறையைக் கைவினையின் காவலாகக் கண்ட கண், அம்முறையின் இறுக்கத்தைக் காணத் தவறியது. அவருடைய நூல்களைத் தமிழில் பயில்வோர் இக்குறையை மறைக்க வேண்டுவதில்லை. அவர் சேர்த்துவைத்த செய்திகளின் மதிப்பு இதனால் குறைவதும் இல்லை. அப்பட்டறைகளுக்குள் அவ்வளவு பொறுமையோடு அமர்ந்து கருவிகளின் பெயர்களையும் வேலையின் படிநிலைகளையும் குறித்துக்கொண்ட ஆய்வாளர் அக்காலத்தில் மிகச் சிலரே.

1905இல் கண்டித் தலைவர்களுக்கு வெளிப்படையான மடல் ஒன்றை எழுதிப் பழங்கட்டடங்களைக் காக்க வேண்டினார். அதே ஆண்டில் மேலைநாட்டு உடையின் மோகத்தைக் கண்டித்துச் சிறுநூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் அவர் தலைமையில் தோன்றியது. பின்னர்ப் பதவியைத் துறந்து இங்கிலாந்து திரும்பினார்.

425 படிகள்

சிப்பிங் காம்ப்டனை அடுத்த பிராடு காம்ப்டனில் இடிந்து கிடந்த நார்மன் காலத்துச் சிறுகோயிலை ஆஷ்பீ இத்தம்பதியருக்கு இல்லமாகப் புதுப்பித்துத் தந்தார். மோரிஸ் தம் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் பயன்படுத்திய அச்சுப்பொறி அவ்வில்லத்தை வந்தடைந்தது. இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் அதில் 1907 செப்டம்பரில் தொடங்கி 1908 டிசம்பர் வரை அச்சாயிற்று. அச்சிட்ட படிகள் 425. நூலிலுள்ள ஒளிப்படங்களுள் பல எத்தெல் எடுத்தவை. கண்டியின் பூத்தையலை அவர் தனியே ஆராய்ந்தவர். பின்னாளில் எத்தெல் மைரே என்னும் பெயரில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கைநெசவாளரானார். இந்நூலில் அவருக்குரிய பங்கு இன்னும் உரிய அளவில் மதிப்பிடப்படவில்லை.

கைவினையைப் போற்றும் நூல் கைவினையாகவே உருவாக வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அதன் விளைவு, கண்டியின் எந்தப் பொற்கொல்லனும் வாங்க இயலாத அரும்பொருளாக அந்நூல் அமைந்ததே. ஆஷ்பீயின் கழகமும் இதே முரணில் சிக்கியது. லிபர்ட்டி என்னும் இலண்டன் அங்காடி 1899 முதல் சிம்ரிக் என்ற பெயரில் வெள்ளிப் பொருள்களையும் அணிகளையும் விற்றுவந்தது. தோற்றத்தில் அவை கழகத்தாரின் வேலைப்பாட்டை ஒத்தவை. பர்மிங்காமில் பெரும்பாலும் பொறிகளின் துணையால் செய்யப்பட்டவை. ஆதலால் விலை குறைந்தவை. வாங்குவோர்க்கு வேறுபாடு தெரியவில்லை. நூலின் இறுதித் தாள்கள் அச்சேறிய 1908ஆம் ஆண்டிலேயே கழகம் கலைக்கப்பட்டது. கண்டியில் அரசு மறைந்து பட்டறை ஓய்ந்ததைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர், தம் வாயிலுக்கு அருகிலேயே மற்றொரு பட்டறை சந்தையால் ஓய்வதைக் கண்டார்.

இவ்வனுபவத்தின் தடம் அவருடைய அடுத்த நூல்களில் பதிந்துள்ளது. இந்தியக் கைவினைஞனைப் பற்றி 1909இல் அவர் வெளியிட்ட நூலுக்கு ஆஷ்பீயே முன்னுரை வழங்கினார். சுதேசி இயக்கத்தை ஆதரித்தபோதும், மேலைநாட்டுப் பொருளை உள்நாட்டில் போலியாகச் செய்வதே சுதேசி ஆகிவிடாது என அவர் வற்புறுத்தினார். கலையும் சுதேசியும் பற்றிய அவருடைய கட்டுரைத் தொகுதி சென்னையில் கணேஷ் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. 1910 முதல் 1911 வரை நடந்த அலகாபாத்துக் கண்காட்சியின் கலைப்பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. இந்தியா, இலங்கை ஆகியவற்றின் கலைகளையும் கைவினைகளையும் குறித்து 1913இல் வெளிவந்த நூலில் பொன்வேலையும் எனாமல் வேலையும் உரிய இடம் பெற்றன. வடநாட்டுக் குந்தன் முறையில், தூய பொன்னிழையை ஊதுசுடரின்றிக் கைவிசையால் அழுத்தியே கல்லைச் சுற்றி இறுக்குவர். பிளாட்டினத்தை உருக்கும் சுடரைப் பெருமையாகக் கருதிய காலத்தில் சுடரே வேண்டாத இம்முறையை அவர் மதித்தது கருதத்தக்கது.

அணி என்னும் சொல்

பின்வந்த ஆண்டுகளைச் சுருங்கக் கூறலாம். எத்தெலுடனான மணவாழ்வு முறிந்தது. தாம் திரட்டிய ஓவியங்களையும் கலைப்பொருள்களையும் கொண்டு இந்தியாவில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைய வேண்டுமென அவர் விரும்பினார், அது நிறைவேறவில்லை. 1917இல் அத்தொகுப்புடன் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் சென்று, அங்கு இந்தியக் கலைப்பிரிவின் காப்பாளரானார். இறுதிவரை அவர் பணியிடம் அதுவே.

1939இல் அலங்காரத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரை நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. அலங்காரம், பூஷணம் முதலிய வடசொற்களையும் கிரேக்க, இலத்தீன் சொற்களையும் ஆராய்ந்து, அவை தொடக்கத்தில் ஒரு பொருளைத் தன் பணிக்குப் போதுமானதாக நிறைவுசெய்தலைக் குறித்தன என அவர் காட்டினார். மிகையாகச் சேர்க்கப்படும் அழகு என்னும் பொருள் பிற்காலத்தது என்பது அவர் முடிபு. தமிழ்ச் சான்றுகளை அவர் அங்குக் கையாளவில்லை. கையாண்டிருப்பின் அவர் வாதம் மேலும் வலுப்பெற்றிருக்கும். தமிழில் அணி என்பது நகையையும் குறிக்கும். செய்யுளின் அணியையும் குறிக்கும். ஒழுங்குற நிற்கும் படையையும் வரிசையையும் குறிக்கும். அணிகலன் என்பதன் பிற்பகுதியாகிய கலன் பாத்திரமும் ஆகும், மரக்கலமும் ஆகும், கருவியும் ஆகும். தண்டியலங்காரத்தைப் பயிலும் மாணவர் அணியை நகையோடு ஒப்பிட்டு, அணியின்றியும் செய்யுள் நிற்கும் என எளிதில் முடிவுகட்டிவிடுகின்றனர். கண்ணகியின் சிலம்பு வழக்கில் சான்றாக நின்றதையும் சந்திரமதியின் தாலி அடையாளமாக நின்றதையும் இச்சொற்களோடு சேர்த்து எண்ணினால் அம்முடிவு அவ்வளவு எளிதன்று என்பது விளங்கும். தந்தையின் மொழி மகனுக்கு வாய்த்திருந்தால் இவ்வாராய்ச்சி எங்குச் சென்றிருக்கும் என்று எண்ணாமல் இருக்க இயலவில்லை.

1947 ஆகஸ்டு 22ஆம் நாள் அவருக்கு எழுபது அகவை நிறைந்தது. பணியிலிருந்து ஓய்வுபெற்று இந்தியா சென்று இமயமலைச் சாரலில் துறவு வாழ்வு மேற்கொள்ளத் தாம் எண்ணியிருப்பதை அவர் நண்பர்களிடம் அறிவித்தார். பதினெட்டு நாள் கழித்து, செப்டம்பர் 9ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்து நீதாமிலிருந்த தம் இல்லத்தில் காலமானார்.